இத்தாவுக்குள் வளர்ந்த குட்டி

முஹ்ஸின் மௌத்தானபோது அவருடைய மனைவி முஸ்பிறாவுக்கு நாற்பத்தாறு வயது. வரிப்பத்தான்சேனையில் வயலும் ஒரு பட்டி மாடும் வைத்திருந்த மனிதர் அவர். புல்லுக்கட்டை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டில் எஞ்சியது முஸ்பிறாவும், ஏஎல் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மகள் ஹிமாயாவும்தான்.

வயலில் எஞ்சியவை மாடுகளும் இரண்டு நாய்களும்.

கல்யாணமான புதிதிலேயே முஸ்பிறா சொல்லிவிட்டாள்: நாய் வயலோடு இருக்க வேண்டும், வீட்டுப் படலைக்குள் வரக்கூடாது. நாயின் ஈரம் பட்டால் மார்க்கப்படி மண் கரைத்த தண்ணீரால் ஒரு தரமும் நல்ல தண்ணீரால் ஆறு தரமும் கழுவ வேண்டும் என்பது மட்டும் காரணமல்ல. அவளுக்கு நாயென்றாலே பயம். முஹ்ஸினும் அதை மதித்தார். கறுவல் என்ற கிழட்டு நாட்டு நாய் ஒன்பது வருடம் வயலில் போட்டிருந்த வாடிக் குடிசையிலேயே கிடந்து மாடு காத்தது. மரணத்துக்கு ஒரு மாதம் முன்னர்தான் உஹனயில் இருந்த சிங்களக் கூட்டாளி ஒருவர் அவருக்கு ஒரு ரொட்வைலர் குட்டியைக் கொடுத்திருந்தார். கறுவலுக்குக் காது மந்தமாகி வருகிறது, அதன் பக்கத்திலேயே விட்டு இதைப் பழக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பெயர்கூட வைக்கவில்லை. குட்டி, குட்டி என்று கூப்பிட்டதோடு சரி.

முஸ்பிறா வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது, பிற ஆண்களின் பார்வையில் படவும் கூடாது. வாடியில் படுக்க ஆளில்லை. மாட்டுக் களவு வேறு கூடியிருந்த காலம். முஹ்ஸினுக்கு மூத்தவரான காக்கா ஆதம்பாவா மாடுகளை வீட்டுக்குப் பின்வளவில் கொண்டுவந்து அடைத்தார். பகலில் தன் மாடுகளோடு சேர்த்து மேய்க்கவும் ஏற்பாடு செய்தார். நாய்களை என்ன செய்வது என்று யாரும் கதைக்கவில்லை. அவை மாடுகளோடு சேர்ந்து வந்துவிட்டன.

கறுவல் வந்த வேகத்தில் முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளை மோந்து பார்த்து அதன் கீழே படுத்தது. வைத்த சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டியோ தாயைத் தேடுகிற மாதிரி கறுவலிடமே போய்ப் போய் ஒட்டியது. முதல் தடவை கறுவல் உறுமியது. இரண்டாம் தடவை பல்லைக் காட்டியது. மூன்றாம் தடவை குட்டி போட்ட கூச்சலில் பக்கத்து வளவு சல்மா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உம்மா, காதக் கிழிச்சிட்டான்!" ஹிமாயா கத்தினாள்.

"நீ தொடாத! ஈரம் பட்டிரும்!"

"ரெத்தம் ஓடுதும்மா."

"தொடாதண்டு செல்றன்தானே!"

குட்டி தலையை உதறி உதறிக் குசினி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. சீமெந்துத் தரையில் சொட்டுச் சொட்டாக இரத்தம். முஸ்பிறா கதவைச் சாத்தப் போனாள். சாத்தவில்லை. ஒரு பழைய துணியை எடுத்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, அந்தக் காதைப் பொத்திப் பிடித்தாள். குட்டி அவள் முழங்கை வரைக்கும் நக்கியது. அன்று கிணற்றடியில் மண் வாளியும் கையுமாக நின்று, ஏழு தரமும் எண்ணி எண்ணிக் கழுவினாள்.

அதன்பிறகு அந்த மண் வாளி கிணற்றடியைவிட்டு நகரவே இல்லை. கழுவிக் கழுவி அவளுடைய விரல்கள் வெடித்துப் போயின.

குட்டியைத் தென்னையில் சங்கிலியால் கட்டினார்கள். அது காகத்துக்குக் குரைத்தது. விழுந்த ஓலைக்குக் குரைத்தது. பள்ளியில் பாங்கு சொன்னால் கூடவே ஊளையிட்டது. ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப் பார்த்தபோது பின்வேலிக் கம்பி வெட்டிக் கிடந்தது, கன்றுத்தாச்சிப் பசுவைக் காணவில்லை. கறுவல் மோட்டார் சைக்கிளுக்குக் கீழே படுத்தபடியே கிடந்தது. குட்டி இரவெல்லாம் குரைத்தது உண்மைதான். முஸ்பிறாதான் யன்னலைத் திறந்து "வாயப் பொத்து, சனியனே" என்று ஏசிவிட்டுத் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஆதம்பாவா வந்து வெட்டிய கம்பியைப் பார்த்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று கதைத்தார்.

"இது பொம்புளைகளுக்கு ஏலுமான வேல இல்ல புள்ள. மாட்ட வித்துருவம். நாய் ரெண்டையும் நான் கொண்டு எங்கயாச்சும் உடுறன்."

"மாடு ஹிமாயாட வாப்பா தேடினது மச்சான். நிக்கட்டும்."

"அப்ப நாய்?"

"அதுகளும் நிக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவளுக்குக் கேட்டது.

நாயைப் பழக்குவது எப்படி என்று ஹிமாயா போனில் தேடினாள். இந்தியாக்காரர் ஒருவர் பச்சைப் புல்தரையில் நின்று, பிஸ்கட்டைக் காட்டி, ஒரு நாயை உட்கார வைத்தார்.

"அந்தாள்ர வீட்டில வேற நாய் இல்லம்மா" என்றாள் ஹிமாயா. "மாடுமில்ல."

முஹ்ஸினின் போனில் மாட்டு டொக்டர் கேதீஸ்வரனின் நம்பர் இருந்தது. காரைதீவுக்காரர். காய்ச்சலில் கிடந்த மாடொன்றைப் பார்க்க வந்தவரிடம் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று முஸ்பிறா நாய்களின் கதையைச் சொன்னாள்.

"பழசுக்கு முதல்ல சாப்பாடு வையுங்க அக்கா. குட்டி அதப் பாத்துக்கொண்டு நிக்கட்டும். ரெண்டுக்கும் இடையில ஒரு மறைப்பு கட்டாயம் வேணும். மற்றது, இந்தச் சாதிய நாள் முழுக்கக் கட்டி வச்சா விசர் பிடிச்சிடும். வெளிய நடத்துங்க."

"நான் இத்தாவில இரிக்கன் டொக்டர்."

"அப்ப முத்தத்திலயாவது சுத்துங்க அக்கா" என்றார் அவர்.

முற்றத்தில் சுற்றினாள். பின்னேரங்களில், வேலிக்கு மறைப்பாகச் சாரனைக் கட்டிவிட்டு, சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தாள். பழக்கியது அவளா குட்டியா என்று சொல்ல முடியாது. அது இழுத்த பக்கம் அவள் போனாள். மழை பெய்து விட்டிருந்த ஒரு நாள் கோழியொன்று குறுக்கே ஓடியது. குட்டி பாய்ந்தது. முஸ்பிறா முகம் குப்புற விழுந்து, மாட்டடி வரைக்கும் சேற்றில் இழுபட்டுப் போனாள். வெள்ளைச் சட்டை முழுவதும் சாணிச் சேறு. எழும்பவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். முஹ்ஸினின் மையத்தைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அவள் அப்படி அழுததில்லை என்று ஹிமாயா பிறகு சொன்னாள். குட்டி அவளுடைய முகத்தை நக்க வந்தது. அதைத் தள்ளிவிடக்கூட அவளுக்குத் தெம்பிருக்கவில்லை.

இத்தாவின் மூன்றாம் மாதம் குட்டி அவள் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. குறுணலும் மீன்தலையும் அவித்த பெரிய சட்டி ஒரே மூச்சில் காலியானது. கறுவல் மெலிந்துகொண்டே போனது. நடுவில் அடித்த தகர மறைப்புக்கு இந்தப் பக்கம் சோற்றை வைத்தாலும், குட்டி அந்தப் பக்கம் நின்று தகரத்தை இடித்த இடியில் அது சட்டியைவிட்டு எழும்பிப் போய்விடும். ஒருநாள் குட்டி பின்படிக்கு ஏறி முஹ்ஸினின் செருப்பைக் கடித்துத் துண்டு துண்டாக்கியது. முஸ்பிறா அந்தச் செருப்பை அவர் கழற்றிவிட்ட இடத்திலிருந்து அசைத்திருக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்து அடித்தாள். ஈர்க்கு முறிய அடித்தாள். அது விளையாட்டென்று நினைத்து விளக்குமாற்றின் மறுமுனையைக் கவ்விக்கொண்டது.

"உங்களுக்கு நான் என்ன செஞ்சன்?" என்று அவள் கத்தினாள். கேட்டது குட்டியிடமா, செத்துப்போனவரிடமா என்று ஹிமாயாவுக்கு விளங்கவில்லை.

எல்லாம் உச்சத்துக்கு வந்தது ஒரு பின்னேரம். குட்டி சங்கிலியை அறுத்துக்கொண்டு பட்டிக்குள் புகுந்தது. பிறந்து சில நாளேயான கன்றொன்றைத் துரத்தியது. தாய்ப்பசு கதற, மற்ற மாடுகள் வேலியை மோத, மூன்று மாதமாக மாட்டையே திரும்பிப் பார்க்காத கறுவல் மோட்டார் சைக்கிளுக்குக் கீழிருந்து வந்து கன்றுக்கும் குட்டிக்கும் நடுவே நின்றது. கடித்தது. குட்டியும் இந்தத் தடவை திருப்பிக் கடித்தது. ஒரு உலுப்பில் கிழட்டு நாய் கீழே கிடந்தது, கழுத்து குட்டியின் வாய்க்குள்.

முஸ்பிறா வாளித் தண்ணீரை ஊற்றினாள். தடியால் அடித்தாள். பசு உதைத்த உதையில்தான் குட்டி பிடியை விட்டது. விட்ட கையோடு மாட்டடியைத் தாண்டி, திறந்து கிடந்த படலையால் ரோட்டுக்குப் பாய்ந்தது. அது குர்ஆன் ஓதப் போன பிள்ளைகள் திரும்பி வருகிற நேரம்.

அவள் யோசிக்கவில்லை. தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பிள்ளைகள் அலறிக்கொண்டு மதிலில் ஏறினார்கள். சல்மா உம்மாவின் மகளுடைய பிள்ளை ஓட முடியாமல் விழுந்தது. குட்டி அதன் மேலே நின்று முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. முஸ்பிறா அறுந்த சங்கிலியின் நுனியைப் பிடித்துத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்தாள். இழுத்தாலும் இனி விடமாட்டாள். கடைக்காரர், பள்ளிக்குப் போனவர்கள், மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர்கள், ஊரே பார்த்தது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஆதம்பாவாவும் சல்மா உம்மாவும் வந்தார்கள்.

"புள்ளைக்கி முழங்கை உரஞ்சிரிக்கி" என்றார் சல்மா உம்மா. "அது போகட்டும். பயத்தில காச்சல் காயுது முஸ்பிறா. கண்ண மூடினாக் கத்துது."

அவர் ஏசியிருந்தால் நல்லது என்று முஸ்பிறாவுக்குத் தோன்றியது.

"இத்தாவில இரிக்கிற பொம்புள நடுரோட்டில நாயப் புடிச்சிக்கிட்டு!" என்றார் ஆதம்பாவா. "என்ர தம்பிர பேரு ஊர்ல சிரிப்பாப் போச்சி. நாளைக்கி ஓட்டோ கொண்டு வாறன். குட்டிய ஏத்தி உடு. மறுகா நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

"ஓம் மச்சான்" என்றாள் முஸ்பிறா. மனதாரத்தான் சொன்னாள். அவளால் இனி முடியாது.

காலையில் ஓட்டோ வந்தது. தலைத்துணியை இழுத்து மறைத்துக்கொண்டு, சங்கிலியை அவளே தென்னையிலிருந்து அவிழ்த்து ஆதம்பாவாவின் கையில் கொடுத்தாள். அவர் இழுத்தார். குட்டி அசையவில்லை. இன்னும் ஒரு தரம் இழுத்தார். குட்டி அவருக்கும் முஸ்பிறாவுக்கும் நடுவில் வந்து நின்று, தலையைத் தாழ்த்தி, உறுமியது. அதுவரை அந்த முற்றத்தில் யாரும் கேட்டிராத, வயிற்றடியிலிருந்து வந்த முழு நாயின் உறுமல். ஆதம்பாவா சங்கிலியைக் கீழே போட்டார். ஓட்டோக்காரர் ஏற்கனவே ஓட்டோவுக்குள் ஏறிவிட்டார்.

"நீ ஏத்தி உடு புள்ள."

"நான் ஏத்தினா, அங்க ஆரு எறக்குற?"

ஓட்டோ வெறுமையாகத் திரும்பிப் போனது. வென்றுவிட்டதாக முஸ்பிறா நினைக்கவில்லை. குட்டியைக் கொண்டுபோக ஆளில்லை, இனி அதைப் பிடிக்கத் தன்னைத் தவிர யாருமில்லை என்று விளங்கியபோது அவள் கீழே கிடந்த சங்கிலியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

கேதீஸ்வரன் வந்து கறுவலின் கழுத்தில் தையல் போட்டார். "வயசு போன சீவன். பிழைச்சாலும் பிழைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை விறகுக் கொட்டிலில் கிடத்தினார்கள். தலை தூக்க முடியாததால் முஸ்பிறா கஞ்சியைக் கரண்டியால் வாயில் விட்டாள். கொட்டிலுக்கு வெளியே, கம்பி வலைக்கு அப்பால், புதுச் சங்கிலியில் குட்டி நின்று பார்த்தது. இடிக்கத் தொடங்கினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். "இரி" என்பாள். அது உட்காரும்வரை கறுவலுக்கும் கஞ்சி இல்லை, குட்டிக்கும் சோறில்லை. முதல் நாட்களில் கஞ்சி ஆறி ஆடை படிந்தது. கறுவல் பசியில் முனகியது. அதைக் கேட்க முடியாமல் ஹிமாயா உள்ளே போய்விடுவாள்.

"ரெண்டையும் பட்டினி போட்டுக் கொல்லப் போறீங்களா உம்மா?"

"எனக்கு வேற வழி தெரியல்லகா. தெரிஞ்சாச் செல்லு."

வழி தெரிந்தவர்கள் யாருமில்லை. ஒவ்வொரு வேளையும் அதையே செய்தாள். தையல் காய்ந்த காலத்தில் குட்டி சொல்லாமலே உட்காரத் தொடங்கியது. பிறகு வலையை எடுத்தாள். பிறகு சங்கிலியை ஒரு முழம் தளர்த்தினாள். கறுவல் உதட்டைத் தூக்கினால் மறுபடி ஒரு முழம் குறைத்தாள். இடையில் ஒருநாள் இரண்டும் மறுபடி கடிபட்டு எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. அன்று அவளும் சாப்பிடவில்லை.

இத்தா முடிந்த காலையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் வயலுக்குப் போனாள். குட்டியின் சங்கிலி இடுப்பில், கறுவல் நாலு பாகத் தூரம் தள்ளிப் பின்னால். வரம்பில் கொக்கைக் கண்டு குட்டி பாய, அவள் வாய்க்காலுக்குள் விழுந்தாள். நனைந்த உடுப்போடு எழும்பி "இரி" என்றாள். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த இரண்டு நாய்களும் நண்பர்களாகவில்லை. பட்டியின் இரண்டு மூலையில் இரண்டும் படுத்தன, அவ்வளவுதான். சல்மா உம்மா வீட்டுப் பிள்ளை இன்றைக்கும் மற்றப் பக்கத்து ஒழுங்கையால்தான் ஓதப் போகிறது. ஆதம்பாவா பெருநாளைக்கு மட்டும் வந்து படலைக்கு வெளியே நின்று சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

ஹிமாயாவுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்து ஹொஸ்டலுக்குப் போன பிறகு முஸ்பிறா தனித்தாள்.

"பயமில்லையாம்மா?" என்று மகள் போனில் கேட்டாள்.

"பயம்தான்" என்றாள் அவள். "என்ன செய்ற, சோறு வைக்க நேரமாகுது."

அன்று கறுவல் இரண்டு வாய்தான் தின்றது. சட்டியைவிட்டு மெல்ல விலகிப் போய்ச் சுவரோரம் படுத்து, வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கியது. எஞ்சிய சோற்றுக்கு முன்னால் குட்டி உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து நீர் வடிய, சட்டியைத் தொடாமல், முஸ்பிறாவின் வாயையே பார்த்தது. அவள் கறுவலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"தின்னு" என்றாள் கடைசியில், குட்டியிடம்.