தண்ணீர் மேல் பழி

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு நிபுணர் வந்தபோது, அவர் என்ன படித்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது, மாலை வாங்க ஆள் போயிருந்தது, அவருடைய அறைக்கு ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாயம் விற்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம், தன் சாயத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று எங்களுக்குச் சொல்லித்தர அவரை அனுப்பியிருந்தது. அறுபது வயது, சிவந்த முகம், நல்ல சிரிப்பு. எங்களுக்கு அதுவே போதுமான சான்றிதழ்.

எனக்கு அதே தொழிற்சாலையில் வேலை கொடுத்தபோது எட்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். சென்னையில் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக்., முதல் வகுப்பு. மூன்றாவது செமஸ்டரில் கணக்கில் மட்டும் ஏன் மார்க் கம்மி என்று முதலாளி கேட்டார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். தோலுக்குச் சாயம் போடப் போகிற பெண்ணுக்குத் தொகையிடல் எதற்கு என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. வேலை வேண்டுமே, அடக்கிக்கொண்டேன்.

நிபுணர் வந்த மறுநாள் அவருடைய செய்முறைப்படி, தோலைப் போட்டுச் சுழற்றிச் சாயமேற்றும் டிரம்மில் ஒரு லாட் தோல் ஓடியது. கேட்டது அடர்ந்த பழுப்பு. வெளியே வந்த தோல்களில் திட்டுத் திட்டாக நிறம், நடுநடுவே எண்ணெய்க் கறை. பாய் தோலைப் பார்த்தார், நிபுணரைப் பார்த்தார், பிறகு குழாயைப் பார்த்தார்.

"நம்ம தண்ணி சரியில்ல. உப்பு ஜாஸ்தி. அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்" என்றார்.

முந்தின வருடம் என் கையில் இதே மாதிரி ஒரு லாட் கெட்டுப்போயிருந்தது. தண்ணீர் அப்போதும் இதே உப்புத் தண்ணீர்தான். ஆனால் அன்றைக்கு பாய் குழாயைப் பார்க்கவில்லை. "படிச்ச பொண்ணாச்சேன்னு வெச்சேன்" என்று மட்டும் சொன்னார். நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அப்படி அழுததில் ஒரு லாபம் இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை நான் விடவில்லை. ஒரு வருடமாகச் சின்ன டிரம்மில் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தேன். உப்பைச் சமாளிக்க ஒரு கெமிக்கலை எவ்வளவு கூடுதலாகச் சேர்க்க வேண்டும், எந்த நேரத்தில் சேர்க்க வேண்டும் என்பது எனக்குக் கைப்பழக்கமாகியிருந்தது. நிபுணரின் செய்முறையை மூன்று நாளில் எங்கள் தண்ணீருக்கு ஏற்றமாதிரி திருத்தினேன். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு நறுக்கி, பாய்லர் குழாய்மேல் காயவைத்து, வாசலில் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நான்காம் நாள் பழுப்பு பழுப்பாகவே வந்தது.

எப்படித் தெரியும் என்று நிபுணர் கேட்டார். நான் பக்கத்துப் பள்ளிகொண்டாக்காரி, இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தலைக்குக் குளித்தே வளர்ந்தவள் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்னிடம் அளவுகளைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கிளம்பும்போது அதையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் ஊருக்குப் போனதும் அந்தத் தாள் சாயப் பிரிவின் சுவரில் ஒட்டப்பட்டது. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: ஃபாரின் ரெசிப்பி.

பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. கணவருக்கு ஜெர்மனியிலேயே வேலை கிடைத்தது. அவர் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வீடியோவில் இரண்டு தடவை பேசினார்கள், வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தடவை அவர் மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்திருந்தார். நானோ படித்ததையே வேலையாகப் பார்த்தவள். எனக்குத்தான் சிக்கல்.

ஒன்பது வருட அனுபவத்துக்குக் கடிதம் வேண்டும் என்று தொழிற்சாலை அலுவலகத்தில் கேட்டேன். அங்கே இருந்த கிளார்க் எல்லோருக்கும் ஒரே கடிதம்தான் கொடுப்பார். நேர்மையானவர், கடின உழைப்பாளி, வாழ்த்துகள். வேலையைவிட்டு நின்றுபோன வாட்ச்மேனுக்கும் அதேதான். பெயரை மட்டும் மாற்றுவார், சில சமயம் அதையும் மறந்துவிடுவார். எனக்கு என்னென்ன வேலை செய்தேன் என்ற விவரம் வேண்டும் என்றேன்.

"மேடம், அத நீங்களே டைப் பண்ணி எடுத்தாந்துடுங்க. நான் சீல் போட்டுத் தர்றேன்" என்றார்.

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். அவரவர் பெருமையை அவரவரே எழுதிக்கொள்ளலாம். அப்படி ஒரு வாய்ப்பு கையில் கிடைத்தபோது இந்தப் புத்திசாலி என்ன எழுதினாள் தெரியுமா? 'ஜெர்மன் நிபுணரின் உதவியாளராகப் பணிபுரிந்து, அவருடைய செய்முறைகளை நடைமுறைப்படுத்தினார்.' ஜெர்மனிக்குப் போகிற கடிதம், அதில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தால் கனமாக இருக்கும் என்று நினைத்தேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. பிழையில்லாமல் டைப் செய்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளார்க் படிக்காமலே சீல் குத்தினார்.

ஜெர்மனியில் நாங்கள் குடியேறிய ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரே ஒரு தோல் தொழிற்சாலைதான் இருந்தது. அங்கே சாயப் பிரிவில் ஒரு தொழில்நுட்பர் இடம் காலி. அது கிடைத்தால் தொழில் உண்டு, இல்லையென்றால் நான் படித்ததை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான். அதற்குள் மொழி கற்று, சான்றிதழ்களை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்ததற்கும் ஒரு சான்றிதழ் வாங்கி, எல்லாவற்றையும் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பட்டம் செல்லும். ஒன்பது வருட அனுபவம் மட்டும் உதவியாளர் நிலை.

அவர்கள் மேல் தப்பே இல்லை. நான் எழுதியதைத்தான் படித்திருந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் பண்பான மனிதர். ஒரு செய்முறைத் தேர்வு வைக்கிறேன், தேறினால் தொழில்நுட்பர் இடம், இல்லையென்றால் டிரம்மில் தோல் ஏற்றி இறக்கும் உதவியாள் வேலை என்றார். தேர்வுக்குக் கொடுத்தது அடர்ந்த பழுப்பு. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான் தூக்கத்தில்கூடப் போடக்கூடிய நிறம் அது. கை தானாக ஓடியது.

தோல் வெளுத்துப்போய் வந்தது. பால் அதிகமான டீ மாதிரி ஒரு நிறம்.

மேலாளர் தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கோப்பைப் பார்த்தார். குழாய்ப் பக்கம் திரும்பவே இல்லை. 'பயிற்சி முறையில் வேறுபாடு' என்று எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. ஆம்பூர்த் தண்ணீருக்காகச் சேர்க்கும் கெமிக்கலைக் கை பழக்கத்தில் இங்கேயும் சேர்த்திருக்கிறது. இங்கே இருப்பது உப்பே இல்லாத தண்ணீர். சமாளிக்க அதில் ஒன்றும் இல்லாததால் அந்தக் கெமிக்கல் சாயத்தைப் பிடிக்கவிடாமல் செய்துவிட்டது. வந்த நாளிலிருந்து தலைக்குக் குளித்தால் நுரை போவதே இல்லை என்று கணவரிடம் தினமும் புலம்பியவள் நான்தான். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியாமல் போயிற்று. நிபுணர் எங்கள் ஊரில் செய்த அதே தப்பை நான் அவர் ஊரில் செய்திருந்தேன்.

மறுநாள் மேலாளரிடம் போய்த் தண்ணீர்தான் காரணம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, நல்ல தொழிலாளி தண்ணீர்மேல் பழி போடமாட்டார் என்று மிக மரியாதையாகச் சொன்னார். உதவியாள் வேலைக்கான படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். அந்தப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் பாய்க்குப் போன் போட்டு நிபுணரின் மின்னஞ்சல் முகவரியை வாங்கினேன்.

நிபுணர் ஓய்வு பெற்று, ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தார். என்னை நன்றாக நினைவிருந்தது. முதலில் பிரியாணியை விசாரித்தார், பிறகு என்னை. நடந்ததைச் சொன்னேன். இரண்டே நாளில் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி மேலாளருக்கு அனுப்பி, எனக்கும் ஒரு நகல் அனுப்பினார். நல்ல மனிதர், உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். 'இந்தியாவில் என் செய்முறை தோற்றது. அங்குள்ள தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இவர்தான் திருத்தினார். நான் இவரிடம் கற்றுக்கொண்டேன்.' அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். பாத்ரூமுக்குப் போகவில்லை.

மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடிதம் அவர் கையில் இருந்தது, கண் லேசாகக் கலங்கியிருந்தது. இளைஞராக இருந்தபோது நிபுணரின் உரை ஒன்றைக் கேட்டிருக்கிறாராம். "எவ்வளவு பெரிய மனிதர், தன் உதவியாளரிடம் கற்றேன் என்று எழுதுகிறார் பாருங்கள். இந்தப் பணிவை இனி எங்கே பார்ப்பது?" என்றார். அவரிடம் பயிற்சி பெற்றவர் என்றால் வேறு சோதனை எதற்கு, திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்றார்.

அவர் எழுதியிருப்பது பணிவு இல்லை, நடந்தது என்றேன்.

"அவருடைய மாணவி அல்லவா, நீங்கள் குருவைத்தானே உயர்த்திப் பேசுவீர்கள்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நானும் குலுக்கினேன். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது.

செய்தி ஊருக்குப் போனது. அம்மா சோளிங்கர் நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். மலையேற ரோப் கார் இருந்தும், அதில் போனால் வேண்டுதல் கணக்கில் சேராது என்று அத்தனை படியும் ஏறிவிட்டு வந்து, முட்டிவலியோடு பேசினாள். ஆக, ஒரு பங்கு நரசிம்மருக்கு. ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போனதே தங்கள் பிள்ளைதான் என்று மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். சரி, அவருக்கும் ஒரு பங்கு.

அந்த வாரமே பாய் போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"பாத்தியாமா, அந்த ஃபாரின்காரரு உனக்கு எவ்ளோ சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு! சும்மாவா வேலை குடுப்பாங்க?"

"ஆமா பாய்" என்றேன்.

"அப்புறம், ஒரே பேஜாரா இருக்குதுமா இங்க. புது லாட்டு திட்டுத் திட்டா வருது. செவுத்துல ஒட்டியிருந்த ஃபாரின் ரெசிப்பி, வெள்ளை அடிக்கச் சொல்ல கிழிஞ்சு போச்சு. அவரு உங்க ஊர்லதான இருக்காரு? ஒரு போன் போட்டு அளவு மட்டும் கேட்டு அனுப்பிச்சுடு."

கேட்டு அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். யாருக்கும் போன் போடவில்லை. ஒரு டீ போட்டுக் குடித்தேன். நிபுணரிடம் பேசி முடித்திருக்கக்கூடிய நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியதும், மனப்பாடமாக இருந்த அளவுகளை வரிசையாக டைப் செய்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'அவருக்கு என் தாங்க்ஸ் சொல்லிடுமா.'