இரண்டு வீட்டுப் புகை

ஜெயசுதாவுக்கும் அவள் மூத்தார் கண்ணையனுக்கும் பொதுவில் இருந்தவை ஒரு வரப்பும் ஒரு சின்ன டிராக்டரும். வரப்பு நகராது. அதனால் சண்டையெல்லாம் டிராக்டர் மேலேயே நடந்தது.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்து வாங்கிய வண்டி அது. ஓட்டியவன் தம்பி சாமிநாதன். ஒருநாள் கரும்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். பக்கவாதத்தில் வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சில் பாதி போயிற்று. ஜெயசுதா ஆஸ்பத்திரியில் அவனோடு கிடந்து, வேலையைக் கற்றுக்கொண்டு வந்தாள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, தலையை உயர்த்தி வைத்துக் கஞ்சி ஊட்டுவது, மூத்திரப் பையின் நிறத்தைப் பார்த்து உடம்பு எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொள்வது. "ஆளைக் கேக்காத, நெறத்தப் பாரு" என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். அது ஜெயசுதாவின் மண்டையில் ஏறிவிட்டது.

தம்பி படுத்துவிட்டான், வண்டி இனித் தன் கொட்டகைக்கு வந்துவிடும் என்று கண்ணையன் நினைத்தார். வரவில்லை. ஜெயசுதா புடவைக்கு மேல் புருஷனின் சட்டையை மாட்டிக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முதல் வாரம் வேலியைச் சாய்த்தாள், அடுத்த வாரம் சால் நேராக வந்தது. பாகூர்ப் பக்கம் பெண்கள் வண்டி ஓட்டாமல் இல்லை. ஆனால் சொந்தத் தம்பி பெண்டாட்டி ஓட்டுவதைத்தான் கண்ணையனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கோயில் முன்னால் நாலு பேரைக் கூட்டினார். அங்கே முடிவானது இது: வண்டி முறை வைத்து மாறும். திருப்பிக் கொடுப்பவர் டேங்கை வாய் வரைக்கும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இஞ்சினைக் கெடுத்தவர் வண்டியை மற்றவருக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். கடைசி நிபந்தனை கண்ணையன் போட்டது. அவள் எப்படியும் கெடுப்பாள் என்று அவருக்கு நம்பிக்கை.

இந்தச் சம்பா பருவத்தில் கண்ணையன் முதலில் தன் கழனியைச் சேறாக்கிச் சேடை ஓட்டி முடித்து, ஆயுத பூசைக்கு முதல் நாள் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். டேங்க் தளும்பியது. ஜெயசுதா கழுவினாள், சந்தனம் தெளித்தாள், மாலை போட்டாள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினாள், பானெட்டுக்கு மேல் குல்லாய்போல் நிற்கும் கிண்ணத்தில் மஞ்சள் துணி சுற்றினாள். எல்லா வீட்டு வண்டியும் அன்றைக்கு அந்தக் கோலத்தில்தான் நிற்கும். அதன் பிறகு சாமிநாதனுக்குக் காய்ச்சல். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. காய்ச்சல் இறங்கியபோது நாற்று முற்றிக்கொண்டிருந்தது, நடவு ஆட்கள் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சேடை ஓட்டவில்லையென்றால் அவர்கள் வேறு கழனிக்குப் போய்விடுவார்கள். பிறகு அந்த நாற்று மாட்டுக்குத்தான்.

காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி இருமியது. வெள்ளைப் புகை. விட்டு விட்டு ஓடியது, நின்றது, மறுபடி பிடித்தது. சூடானால் சரியாகும் என்று கழனிக்கு ஓட்டிப்போய் பின்னால் பூட்டிய, மண்ணைக் கலக்கும் ரொட்டவேட்டரைச் சேற்றில் இறக்கினாள். இப்போது புகை கறுத்தது. அடுப்பில் பச்சை விறகை வைத்ததுபோலக் கக்கியது. இஞ்சின் முக்கியது, நகரவில்லை. பின்னால் புழு பொறுக்க வந்த கொக்குகள் எழுந்து அடுத்த கழனிக்குப் போய்விட்டன.

கண்ணையன் வரப்பில் நின்றார். காத்துக்கொண்டிருந்தவர்போல அவ்வளவு சீக்கிரம் வந்திருந்தார். கூடவே அவர் மனைவி காசம்மாள், ஜெயசுதாவின் ஓரகத்தி.

"நிறுத்து! நிறுத்துன்றேன் இல்ல? இஞ்சினக் கொன்னுட்டியே!"

ஜெயசுதா நிறுத்தினாள்.

"கோயிலாண்ட பேசுனது ஞாபகம் கீதா? சாவியக் குடு."

"சாவி வண்டியில கீது மாமா. வண்டி சேத்துல கீது. எறங்கி வந்து எடுத்துக்குங்க."

கண்ணையன் அன்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். இறங்கவில்லை.

"இன்னா டீசல்டி ஊத்துன?" என்றாள் காசம்மாள். "எவன் வூட்டு டிரம்முல வாங்குன? அந்தாளு கை கால் நல்லா இருந்தப்ப இந்த வண்டி இப்படி ஒருநாள் பொகஞ்சிருக்குமா?"

"அவரு நல்லா இருந்தப்ப நீங்களும்தான் இப்படி வரப்புல நின்னு பேசல."

அதற்குமேல் அவர்களிடம் பேசாமல் மெக்கானிக் அந்தோணிசாமிக்குப் போன் போட்டாள். வில்லியனூர்ப் பக்கத்து ஆள். நடவு நேரத்தில் கூப்பிட்டால் திட்டிக்கொண்டே வருவான், வந்தும் திட்டுவான். பைக்கை வரப்பில் சாய்த்ததும் ஆரம்பித்தான்.

"ஒரு வண்டி, ரெண்டு வூடு. என் உசுர வாங்குறீங்க. இன்னா நெறம்?"

"கறுப்பு" என்றார் கண்ணையன். "நல்லா கன்னங்கரேல்னு. ஆயில் ரிங்கு போயிடுச்சி. வேல முடிஞ்சிது."

"ஆயில் எரிஞ்சா நீலமா வரும். உன்னக் கேக்கல, ஓட்டுனவங்களக் கேட்டேன்."

"காலைல வெள்ளை அண்ணே. சேத்துல எறக்குனதும் கறுப்பு" என்றாள் ஜெயசுதா.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"ரெண்டு நெறம்னா ரெண்டு வியாதி" என்று அவன் டீசல் ஃபில்டருக்கு அடியில் இருந்த போல்ட்டைத் தளர்த்தினான். ஜெயசுதா தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து பிடித்தாள். வடிந்ததை வரப்பில் வைத்து எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே டீசல். அடியில் கலங்கிய தண்ணீர்.

"பாத்துக்கப்பா!" கண்ணையன் குரல் ஏறியது. "தண்ணி கலந்த டீசல ஊத்திகீறா!"

"வாய் வரைக்கும் நெரப்பிக் குடுத்தது யாரு மாமா?" என்றாள் ஜெயசுதா. "பூசைக்கு மொத நாளு விட்டீங்க. இன்னிக்குத்தான் எடுத்தேன். தளும்புற டேங்க்ல நான் எங்கருந்து ஊத்தறது?"

அந்தோணிசாமி பாட்டிலை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். "இது பங்க் டீசல் இல்ல. மீன் படகுக்கு வாங்கி மிச்சத்த விக்கிறது. மழையில நின்ன டிரம்மு. கூடவே ரெண்டு சங்கரா மீனும் குடுத்தானா கண்ணையா?"

கண்ணையன் காசம்மாளைப் பார்த்தார். காசம்மாள் கரும்புக் கொல்லையைப் பார்த்தாள். தன் முறைக்கு அவர் தவளக்குப்பம் பங்க்கில் வரிசையில் நின்றுதான் டீசல் பிடிப்பார், ஊருக்கே தெரியும். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் கேனில் வாங்கிய படகு டீசல். அவள் ஓட்டுவதற்கு இது போதாதா என்று வீட்டில் பேசியிருப்பார்கள். இரண்டு பேரில் யார் முதலில் சொன்னது என்பதுதான் ஜெயசுதாவுக்குத் தெரியாது.

அந்தோணிசாமி டேங்கை அடி வரைக்கும் வடித்தான். ஜெயசுதா தன் கொட்டகையில் வைத்திருந்த பங்க் டீசலை ஊற்றினாள். குழாயில் சிக்கிய காற்றைப் பம்ப் செய்து வெளியேற்றிவிட்டு அவன் தலையாட்டினான். வண்டி ஒரே திருப்பில் பிடித்தது. வெள்ளைப் புகை இல்லை. ஜெயசுதா மூத்தாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரொட்டவேட்டரை இறக்கினாள்.

கறுப்புப் புகை அப்படியே வந்தது.

கண்ணையனுக்கு உயிர் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கியே விட்டார். "தண்ணி என்னுதுன்னே வச்சிக்க. இது யாருது? சொல்லு! சாவிய எடு!"

"இரு, இரு" என்று அந்தோணிசாமி பானெட்டைச் சுற்றி வந்தான். காய்ந்த மாலையைத் தூக்கி வீசினான். அதன் அடியில் அந்தக் குல்லாய்க் கிண்ணம். அதில் மூன்று சுற்று மஞ்சள் துணி, இறுக்கி முடிந்தது.

"இது இன்னா?"

"திருஷ்டிக்கு" என்றாள் ஜெயசுதா. சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா, வண்டி மூச்சு விடுற எடம் இதான். மூக்கப் பொத்திட்டு மூட்ட தூக்கச் சொன்னா தூக்குமா? எங்க மாதா கோயில்ல சாமியாரு தண்ணி தெளிக்கிறதோட சரி, மூக்கக் கட்டறதில்ல." அவன் கத்தியால் துணியை அறுத்தான். உள்பக்கம் உப்பும் குங்குமமும் பதரும் ஒட்டி அடைபோல் இறுகியிருந்தது. கிண்ணத்தை உதறினான். அடியில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, அழுக்கு ஆயிலைக் கொட்டி, வலையை டீசலில் அலசி, கோடு வரைக்கும் புது ஆயில் விட்டு மாட்டினான். "இப்ப எறக்கு."

ரொட்டவேட்டர் இறங்கியது. ஒரு குமுறல் கறுப்பு வந்தது. பிறகு மெலிந்தது, பிறகு பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு வந்தது. சேறு புரண்டது.

"துணி கட்டுனது அவதான?" கண்ணையன் விடவில்லை. "அப்ப கெடுத்தது அவதான?"

"வெள்ளப் புகை உன்னுது, கறுப்புப் புகை இந்தம்மாவுது" என்றான் அந்தோணிசாமி கையைத் துடைத்துக்கொண்டே. "இஞ்சின் கெடல. இன்னும் ரெண்டு நாளு ரெண்டு பேரும் சேர்ந்து பாடுபட்டிருந்தா கெட்டிருக்கும்."

"மாமா, கோயிலாண்ட கூட்டுங்க, வரேன்" என்றாள் ஜெயசுதா. "நான் துணியக் கொண்டாரேன். இந்த பாட்டிலயும் கொண்டாரேன். மோந்து பாக்கட்டும்."

கண்ணையன் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினார். வேட்டி கரை வரைக்கும் சேறாகியிருந்தது, அப்படியே வீட்டைப் பார்த்து நடந்தார்.

காசம்மாள் மட்டும் நகரவில்லை. வரப்பில் அறுந்து கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கண்ணுக்குடி கட்டுன?"

ஊருக்குப் பொதுவாக என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டியைக் கழுவிய அன்று வேலியோரம் நின்று "புதுசாட்டம் கீதே, படுத்துக்கினவன் வூட்டு வண்டின்னு சொல்ல முடியுமா" என்று சொல்லிவிட்டுப் போனவள் இவள். அன்று சாயங்காலமே சாமிநாதனுக்கு உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டு வந்து ஜெயசுதா அந்தத் துணியை மூன்றாவது சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்கியிருந்தாள்.

"உன் கண்ணுக்குத்தான்க்கா."

காசம்மாள் குனிந்து துணியை எடுத்தாள். உதறினாள். மடித்தாள். "இருக்கட்டும். எங்க வூட்டுக் கதவுல கட்டறேன். நீ வர வழி அதான?"

"நான் இன்னாத்துக்கு வரப்போறேன்?"

"வராம இருக்கத்தான் கட்டறேன்."

பொழுது சாய்வதற்குள் கழனி முழுதும் சேடை முடிந்தது. மறுநாள் நடவு ஆட்கள் வந்து இறங்கினார்கள். சாமிநாதனிடம் ஜெயசுதா கஞ்சி ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இடது பக்க வாயால் சிரித்து, புரையேறி, திட்டு வாங்கினான்.

அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் பேச்சு அடியோடு நின்றது. வண்டி மட்டும் முறைப்படி போய் வருகிறது. கண்ணையன் கொண்டுவந்து விட்டால், அவர் நிற்கும்போதே ஜெயசுதா ஃபில்டர் போல்ட்டைத் தளர்த்தி அதே பாட்டிலில் டீசல் பிடிப்பாள். அவள் கொண்டுபோய் விட்டால், அவள் நிற்கும்போதே கண்ணையன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பார். பாகூர்க் கொம்யூன் ஊர்கள் எல்லாவற்றிலும் இவ்வளவு சுத்தமாக ஓடும் வண்டி வேறு இல்லை, என் பிழைப்பில் மண் விழுந்தது என்று அந்தோணிசாமி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

போன முறை மாற்றும்போதும் அப்படித்தான். கண்ணையன் ஏர் ஃபில்டரின் ஆயில் கிண்ணத்தில் விரலை விட்டுத் துழாவினார். ஒன்றும் சிக்கவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் திருப்பிக் கொடுத்தபோது ஜெயசுதா பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

சலித்துக்கொண்டு டீசலைத் திரும்ப டேங்கிலேயே ஊற்றினாள்.