வாளி நிறையப் பந்தும் ஒற்றைப் பந்தும்

இரு வாரங்களுக்கு முன் ஒரு மாலை. தொலைபேசியில் யாழினி. என் நண்பர் சேகரனின் ஒரே மகள். ஈப்போவில் வங்கிப் பணி. விரைவில் பரிசம் போடவிருக்கிறார்கள். மகிழ்ச்சி பொங்கப் பேச வேண்டிய பெண், ஏனோ கிசுகிசுத்தாள்.

"வாத்தியார் மாமா, ஒன்னு கேக்கணும். அப்பாவுக்கு நெசமாவே கோல்ப் ஆடத் தெரியுமா?"

ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவா இது? குழிப்பந்தாட்டம் என்று அதற்கு அழகான பெயர் இருப்பதைச் சொல்லலாம். ஆடத் தெரியுமா என்றால்... நான் சற்றே தயங்கினேன்.

"ஏனம்மா கேட்கிறாய்?"

"அவங்க அப்பா ஞாயித்துக்கெழம ஆட வாங்கன்னு கூப்பிட்டிருக்காரு. நம்ம அப்பாவும் சரின்னுட்டாரு. அதுலேருந்து இவருக்குச் சோறு எறங்கல மாமா. நீங்களும் கூடப் போங்க. அவங்க முன்னாடி அப்பா சின்னப்பட்டுப் போயிரக் கூடாது."

'அவங்க அப்பா' என்றால் மாப்பிள்ளையின் தந்தை மாணிக்கம். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து, அலுவலகத்தையும் ஆட்களையும் ஒருசேர ஆண்டவர். பணி ஓய்வு பெற்றாலும் பட்டம் ஓய்வு பெறவில்லை. இன்றைக்கும் அனைவருக்கும் அவர் கிராணியார்தான்.

சேகரன் ஈப்போவையடுத்த ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். வேலை முடிந்ததும் நேரே பயிற்சித் திடலுக்குப் போவார். ஒரு வாளிப் பந்துகளை வாங்கிக்கொண்டு, ரப்பர் விரிப்பின்மேல் நின்று, ஒவ்வொன்றாக வெளியை நோக்கி அடிப்பார். வாளி காலியானால் வீடு. மழையோ, தலைவலியோ, தீபாவளிக்கு முந்தைய நாளோ எதுவும் அவரைத் தடுத்ததில்லை.

ஆனால், திடலில் இறங்கி ஆடினாரா? ஒருநாளும் இல்லை.

எங்கள் சனிக்கிழமைக் குழு அவரை அழைத்து அழைத்து ஓய்ந்துவிட்டது. "இன்னும் கை சரியா வரல சார். ஒரு ரெண்டு மாசம் போகட்டும்" என்பார். அந்த இரண்டு மாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. உண்மையில் அவருக்குக் கை வந்து வெகுநாளாகிவிட்டது. கால்தான் வரவில்லை.

வாசகர்களே, இவ்வாட்டத்தில் இரண்டு வகையினர் உண்டு. பயின்றுகொண்டே இருந்து ஆடாதவர்கள் ஒருவகை. ஆடிக்கொண்டே இருந்து பயிலாதவர்கள் மறுவகை. எங்கள் குழு இரண்டாம் வகை. ஆட்டத்துக்கு முன் நாங்கள் மேற்கொள்ளும் ஒரே பயிற்சி, காலணிக் கயிற்றைக் கட்டுவதற்காகக் குனிவது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மோசமாக ஆடிவிட்டு, "திங்கட்கிழமையிலிருந்து பயிற்சி" என்று தே தாரேக் தேநீர்க் கோப்பையின்மீது ஆணையிடுவோம். திங்கட்கிழமைக்கு அந்த ஆணை எங்கே தெரியப்போகிறது?

போகட்டும். இந்த அழைப்பு எப்படி வந்தது?

பெண் பார்க்க வந்த அன்று, வாசல் மூலையில் சாத்தியிருந்த மட்டைப் பையைக் கிராணியார் பார்த்துவிட்டார். "அட, நீங்களும் கோல்ப்பா? ஆடுவீங்களோ?" என்று கேட்டிருக்கிறார். சேகரன் நெஞ்சு நிமிர்ந்து சொன்ன விடை: "தினமும் போறேங்க."

பொய்யா? இல்லை. உண்மையா? அதுவும்... முழுமையாக இல்லை.

ஞாயிறு விடியற்காலையில் இருவரும் புறப்பட்டோம். வழியில் பீடோர் ஊரைத் தாண்டினோம். சேகரன் மெல்லச் சொன்னார்.

"எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவரு சார். கிராணி வீட்டுப் படி ஏறுனதே இல்ல."

"அவர் இப்போது கிராணி இல்லை, சேகரன். மாப்பிள்ளையின் அப்பா."

"அது இன்னும் பெரிசு சார்!"

பெண்ணைப் பெற்றவரிடம் தருக்கம் பேசி வென்றவர் யார்?

திடல் ஒரு பழைய தோட்ட மன்றத்துக்கு உரியது. ஒன்பதே குழிகள். ரப்பர் மரங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் தரும் செம்பனை. இடையிடையே லாலாங் புற்கள் ஆள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. கிராணியார் எங்களுக்கு முன்பே வந்து கம்பம்போல் நின்றிருந்தார். கைகொடுக்கும்போதுகூட இம்மியும் வளையவில்லை. அருகில் சென்றபோது மருந்தெண்ணெய் மணம் வீசியது. பெரிய மனிதர்களுக்கு அப்படியொரு மிடுக்கு இருக்கும்போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

"மிஸ்டர் சேகரன், நீங்களே தொடங்குங்க. தினமும் ஆடுறவரு" என்றார். குரலில் மரியாதை இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அச்சமோ?

சேகரன் பந்தை வைத்தார். மட்டையை ஓங்கினார். அடித்தார்.

அடடா! அந்த ஒலியை எப்படி எழுதுவேன்? தேங்காயைச் சரியான இடத்தில் ஓங்கித் தட்டினால் எழும் ஒலி. பந்து மேலெழுந்து செம்பனைகளுக்கும் உயரே பறந்தது. கிராணியார் "அடேயப்பா!" என்றார். "பிழைத்தோம்!" என்றது என் உள்ளம்.

அப்போதுதான் அது நிகழ்ந்தது.

பறக்கும் பந்தைச் சேகரன் ஏறிட்டும் பார்க்கவில்லை. சட்டைப்பைக்குள் கைவிட்டு இன்னொரு பந்தை எடுத்தார். வைத்தார். அடித்தார். அதே வேகத்தில் மூன்றாவதையும் எடுத்தார்...

நான் இருமினேன். பயனில்லை. மூன்றாவதும் பறந்துவிட்டது.

கிராணியார் மெதுவாகக் கேட்டார்: "என்ன மிஸ்டர் சேகரன், எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நீங்களே அடிச்சிட்டீங்களா?"

சேகரனின் முகம் வெளிறியது. அவர் செய்த பிழை அவருக்கே அப்போதுதான் விளங்கியது. நான் இடைபுகுந்து, "காற்றின் போக்கை அறியச் சிலர் இவ்வாறு செய்வதுண்டு" என்று சொல்லி வைத்தேன். அன்று இலைகூட அசையவில்லை.

எண்ணிப் பார்த்தால், அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? பயிற்சித் திடலில் அடித்த பந்தைத் தேடி எவரும் நடப்பதில்லை. அடுத்தது காலடியில் காத்திருக்கும். பிழையாக அடித்தாலும் கவலையில்லை. அடுத்த அடியில் அது மறைந்துவிடும். ஆட்டத்திலோ கையிலிருப்பது ஒற்றைப் பந்து. அது மேட்டில் கிடந்தாலும், சேற்றில் கிடந்தாலும், முள்ளில் கிடந்தாலும் அங்கே போய் நின்று, அங்கிருந்தே அடித்தாக வேண்டும். அந்த நடையைத்தான் சேகரன் இத்தனை ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டிருந்தார்.

நானும் கிராணியாரும் அடித்தோம். என் பந்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவருடையது சற்றே எழும்பி, அலுத்துப்போய் விழுந்தது. பிறகு மூவருமாகச் சேகரனின் பந்துகளைத் தேடிப் போனோம்.

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"பாக்கலிங்களே ஐயா..."

"மூனுல ஒன்னகூடவா?"

லாலாங்கை விலக்கி விலக்கித் தேடினோம். ஒரு புதரருகே வெண்மையாக ஏதோ தெரிய, கிராணியார் குனிந்தார்.

"ஐயோ!"

குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். நிமிரவும் இயலவில்லை, அமரவும் இயலவில்லை. நாங்கள் ஓடிச்சென்று தாங்கினோம். அவர் சட்டை மேலேறியிருந்தது. முதுகு முழுவதும் ஓடு வேய்ந்ததுபோல் வரிசை வரிசையாகக் கோயோக்! பிடிப்புக்கு நம் வீடுகளில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டைதான். மிடுக்கின் மருமம் எனக்கு விளங்கியது.

"என்னங்கய்யா இது?" என்று பதறினார் சேகரன்.

"எல்லாம் உங்களாலதான்யா!" என்று வெடித்தார் கிராணியார். "தினமும் போறேன்னு சொன்னீங்களா இல்லியா? நான் ஞாயித்துக்கெழம மட்டும் ஆடுறவன். பயிற்சின்னு ஒருநாளு நின்னதில்ல. பொண்ணு வீட்டுக்காரருகிட்ட கேவலமாத் தோத்துட்டா எம்மவனுக்கு என்ன மதிப்பு? அதான் பயிற்சி ரேஞ்சே கதின்னு கெடந்தேன். வாளி வாளியா அடிச்சேன். முதுகு போச்சு லா!"

சேகரன் அவரைத் தாங்கிய கையை எடுக்கவில்லை. தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் செம்பனையைப் பார்த்தேன். இந்த இடத்தில் பேச வேண்டியவர் நானல்லவே.

"ஐயா... நான் தினமும் போறது ரேஞ்சுக்குத்தாங்க. திடல்ல ஆடுனதே இல்ல. இன்னிக்குத்தான் மொத தடவையாப் புல்லுல நின்னு அடிக்கிறேன்."

கிராணியார் தலையை மட்டும் திருப்பி அவரை நோக்கினார். யாழினியின் குரல் என் காதில் ஒலித்தது. ஒரு விளையாட்டு அந்தப் பிள்ளையின் வாழ்வில் விளையாடிவிடுமோ?

கிராணியாரின் தோள்கள் குலுங்கின. வலியா? இல்லை... சிரிப்பு! "அப்ப... அப்ப நான் ஒரு வாரமா... யாருக்குப் பயந்து..." சொல்லி முடிக்க முடியவில்லை. சேகரனுக்கும் தொற்றிக்கொண்டது. "சிரிக்க வெக்காதீங்கய்யா, முதுகு வலிக்குது!" என்று கத்திக்கொண்டே மேலும் சிரித்தார் அவர். லாலாங் நடுவே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இரு தந்தையர் அழுவதுபோல் சிரித்த காட்சியைப் பார்க்க யாழினி அங்கே இல்லையே என்றிருந்தது.

ஆட்டத்தைக் கைவிடுவார்கள் என எண்ணினேன். கைவிடவில்லை. ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. "நீங்க தூக்கி அடிங்க. நான் உருட்டிக்கிறேன்" என்றார் கிராணியார். தொலைவு சேகரனுக்கு, குழியருகே வந்ததும் மற்றவருக்கு. முதுகு வளையாதவருக்கு மென்மையாகப் பந்துருட்ட வருமா? வந்தது. நெடுங்காலம் ஆடிப் பழகிய கை. புல்லின் சாய்வு அவருக்கு மனப்பாடம். பந்து விழுமிடத்தைப் பார்க்கவும் சேகரன் கற்றுக்கொண்டார். அதற்கு மூன்று குழிகள் ஆயின.

அவர்கள் இருவரும் ஓரணி. நான் தனியன். தோற்றேன்.

"வாத்தியாரே, நீங்க பயிற்சியும் செய்யறதில்ல, ஆட்டமும் வரல. அப்ப என்னதான் செய்யறீங்க?" என்று கேட்டார் கிராணியார்.

"வாரந்தோறும் எழுதுகிறேன்" என்றேன்.

"அப்ப இதையும் எழுதிருவீங்களே!" என்று சேகரன் அலறினார். எழுதிவிட்டேன், பாருங்கள், பெயர்களை மட்டும் மாற்றி.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். கிராணியார் முதன்முதலாகப் பந்தைக் குழிக்குள் செலுத்தியபோது, அதை எடுக்கச் சேகரன் விரைந்து முன்வந்தார். வளைய முடியாத பெரியவருக்காக வளைவது அவருக்கு இயல்பாகவே வந்தது. கிராணியார் அவர் முழங்கையைப் பற்றி நிறுத்தினார்.

"இருங்க சம்பந்தி. நீங்க குனியாதீங்க. வாத்தியார் எடுப்பாரு."

அதுவரை மிஸ்டர் சேகரன். அந்தக் கணத்திலிருந்து சம்பந்தி. சேகரன் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். வெயில் ஏறாத நேரம், வியர்வைக்கு வாய்ப்பில்லை.

எஞ்சிய குழிகள் அனைத்திலும் நானே குனிந்தேன். இவ்வளவு மனநிறைவோடு நான் என்றும் குனிந்ததில்லை.

திரும்பும் வழியில் ஒன்று தோன்றிற்று. மேடைப்பேச்சுக்குக் கண்ணாடி முன் பயிற்சி எடுக்கிறோம். நேர்முகத் தேர்வுக்கு எடுக்கிறோம். திருமணப் படத்துக்குப் புன்னகைக்கவும் எடுக்கிறோம். சம்பந்தி உறவுக்கு எந்த ஊரில் பயிற்சித் திடல் இருக்கிறது? எடுத்த எடுப்பில் ஆட்டம்தான். அதுவும் ஒற்றைப் பந்தோடு. விழுந்த இடத்துக்கு நடந்துபோய்த்தான் அடுத்த அடியை அடிக்க வேண்டும். இரண்டு பேராக நடந்தால் தேடுவது எளிது, அவ்வளவே.

அன்றிரவே யாழினியை அழைத்தேன். "அப்பா ஆடினாரம்மா" என்றேன்.

"ஜெயிச்சாரா மாமா?"

"உன் மாமனாரோடு சேர்ந்து."

அவள் எழுந்து போய் எட்டிப் பார்க்கும் காலடி கேட்டது. பிறகு, "சாப்பிட்டுட்டுத் தூங்குறாரு மாமா. ரெண்டு தட்டு" என்றாள்.

கிராணியாரின் முதுகு தேறிவிட்டது. இப்போது அவர் பேருந்து பிடித்து ஈப்போ வந்து, சம்பந்தியோடு பயிற்சித் திடலில் நிற்கிறார். பரிசத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது, திருமணத்துக்கும் பார்த்தாகிவிட்டது, அடுத்த ஆட்டத்துக்கு மட்டும், இருவருக்கும் இன்னும் நல்ல நாள் அமையவில்லையாம்!