கூடைப்பந்து டீமுக்கு வலை பின்னிய வருஷம்

மீன்வலை கிழிந்தால் கடலைக் குறை சொல்வார்கள்; பந்துவலை கிழிந்தால் பின்னினவளைத்தான் குறை சொல்வார்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டே பிறத்தியாருக்குப் பின்னியும் தைத்தும் கொடுக்கிற என்னைப் போன்ற பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிறந்த ஊர் புன்னைக்காயல். கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு சரி. எங்கள் வீட்டுக்காரர் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போனபிறகு, ஒரு காலேஜில் பாஸ்கட் பால் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். மைதானத்தின் ஓரத்திலேயே ஒரு அறை கொடுத்தார்கள். டீமுக்கு வேண்டிய வலையும் உடுப்பும் என் பொறுப்பு. சேர்ந்த அன்றைக்கே டிரில் மாஸ்டர் சொல்லிவிட்டார், இந்த வருஷமும் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காவிட்டால் கூடை மாட்டுகிற கம்பங்களைப் பிடுங்கிவிடுவோம் என்று. கம்பம் போனால் வேலை போகும், அறையும் போகும். அந்த இடுப்போடு அவர் மறுபடியும் மூட்டைக்குத்தான் போகவேண்டும். இனி அந்த வருஷத்துக் கதையைக் கேளுங்கள்.

அடி மூடின வலை

இரண்டு கம்பத்திலும் இரும்பு வளையம் மட்டும் இருந்தது. "இதுகளுக்கு வலை பின்னுளா" என்றார் வீட்டுக்காரர். அதுவரை அந்த ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் வலை என்றால் அதற்கு மடி உண்டு. விழுந்தது வெளியே போகக்கூடாது. கெட்டி நூல் எடுத்து, அடியை நன்றாக இழுத்து மூடி, அழகாகப் பின்னிக் கொடுத்தேன்.

மறுநாள் ஆட்டத்தில் முதல் பந்து உள்ளே விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். ஒருவன் தோளில் ஒருவன் ஏறி அதை எடுத்தார்கள். அப்புறம் கேப்டன் பொன்ராஜ் வலையோடு வாசலுக்கு வந்தான். ஏரலில் மளிகைக் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பையன், பேச்சில் மரியாதை குறையாது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பிடிச்சதை விடுறதுக்கு எதுக்குத் தம்பி வலை?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "எங்களுக்கு எதையும் பிடிச்சு வைக்கத் தெரியாதுக்கா, அடியை அறுத்து விட்டுருங்க."

முதுகு

அடுத்தது பனியன் தைக்கிற வேலை. எனக்கோ ஆம்பிளைகளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அளவு எடுப்பது எப்படி? வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். பையன்கள் ஒவ்வொருவராக வெளியே ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பார்கள். நான் உள்ளிருந்து வலைக்கயிற்றை நீட்டுவேன். அவர்களே அதை நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார்கள். நான் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வேன். இப்படியே எல்லார் முதுகும் எனக்கு மனப்பாடம். முகம் ஒன்றுகூடத் தெரியாது.

ஒருநாள் என் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். நெட்டையாக ஒரு பையன் எதிரே வந்து, "நல்லா இருக்கியளாக்கா?" என்றான். யாரோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டு விலகினேன். அவன் நம் டீமில் ஆடுகிற நாசரேத்து டேனியல் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் எனக்கு முன்னால் ஓடிப்போய், நடுத்தெருவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டான்: "இப்பத் தெரியுதாக்கா?"

கப்பல் துணி

உலகச் சண்டை முடிந்திருந்தாலும் துணிக்குக் கட்டுப்பாடு முடியவில்லை. பனியனுக்கு எப்படியோ கிடைத்தது, நிக்கருக்குக் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் பழக்கமான தோணிக்காரரிடம் சொல்லி, கிழிந்த பாய்மரத் துணி வாங்கி வந்தார் வீட்டுக்காரர். ஊசி மூன்று உடைந்தது. தைத்து முடித்த நிக்கரைத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும்.

திருநெல்வேலிப் பக்கத்து டீமோடு மேட்ச். நம் பையன்கள் ஓடினால் சரக் சரக் என்று சத்தம். எங்கே வருகிறார்கள் என்று எதிராளி திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டான். தோற்றோம். சோடா குடிக்க உட்காரவும் முடியாமல் எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டே இருந்தார்கள். வந்த டீமில் ஒருவன் தன் சிநேகிதனிடம் சொன்னது என் ஜன்னல்வரை கேட்டது: "ஏலே, இவனுவ ஓடி வரலலே, கரைக்கு வாரானுவ."

அந்த நிக்கர்களை உப்புத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் மாறிமாறி ஊறப்போட்டு அடித்துத் துவைத்தேன். என் கை புண்ணானபிறகுதான் அவை மெத்தென்று ஆயின.

பிள்ளை தூங்கவில்லை

அடுத்தடுத்துத் தோற்றபிறகு பயிற்சிக்கு ஒருவரும் வரவில்லை. மாஸ்டர் ஆள் அனுப்பினார். காய்ச்சல் என்றான் ஒருவன், பரீட்சை என்றான் இன்னொருவன். மைதானம் வெறிச்சென்று கிடந்தது. வீட்டுக்காரர் மூட்டைக்குப் போகும்போது கட்டுகிற தலைப்பாகைத் துணியைத் தேடி எடுத்து உதறிவைத்தார்.

இதில் இன்னொரு தொல்லை. என் பிள்ளை இங்கே வந்ததிலிருந்து பந்து தட்டுகிற சத்தத்தில் தூங்கிப் பழகியவன். சத்தம் நின்றதும் சாயங்காலமெல்லாம் ஒரே அழுகை. தொட்டிலை ஆட்டி ஆட்டித் தோள் வலித்தது. "அந்தக் கேப்டன் தம்பிகிட்ட, யாராவது வந்து சும்மா பந்தைத் தட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்று வீட்டுக்காரரை அனுப்பினேன். பொன்ராஜ் மட்டும் வருவான் என்று நினைத்தேன். வெயில் தாழ்ந்தபோது டீம் முழுக்க வந்து நின்றது. பிள்ளை தூங்கியபிறகும் அவர்கள் போகவில்லை, இருட்டும்வரை ஆடினார்கள். மறுநாளும் வந்தார்கள். பொன்ராஜ் ஜன்னல் பக்கம் வந்து சொன்னான்: "மாஸ்டர் ஏசியும் வராத பயலெல்லாம் உங்க பிள்ளை அழுததுக்கு வந்துட்டானுவக்கா."

கடப்பாரை

கடைசி மேட்ச் அன்று காலையிலேயே காலேஜிலிருந்து ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் சாத்திவிட்டுப் போனார்கள். என்னத்துக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அன்றைக்குச் சோறு பொங்கினேன், இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இரண்டு பக்கமும் பாயிண்ட் சமம். பந்து டேனியல் கைக்கு வந்தது. வீட்டுக்காரர் பார்க்க மாட்டாமல் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, எங்கள் வீட்டைப் பார்த்து நின்றார். நான் ஜன்னலை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வாசலுக்கே வந்துவிட்டேன். அத்தனை ஆம்பிளைகள் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோயிற்று. டேனியல் எம்பினான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஏளா, விழுந்துச்சா?" என்றார் அவர்.

"விழுந்துட்டு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

விசில் ஊதியபிறகு மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்து எங்கள் வாசலுக்கு வந்தார். வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுக்கப்போனார். மாஸ்டர் அதை வாங்கவில்லை. "அது உம்மகிட்டயே இருக்கட்டும் மிக்கேலு, அந்தாக்குல இன்னொரு கோர்ட்டுக்குக் குழி தோண்டணும்" என்றார்.

ஒரு மேட்ச் ஜெயித்ததற்கே இன்னும் இரண்டு வலை பின்னச் சொல்லிவிட்டார்கள், எல்லா மேட்சும் ஜெயிக்கிற டீமுக்குப் பின்னிக் கொடுக்கிறவள் எந்நேரம் உலை வைப்பாளோ தெரியவில்லை.