தாய்மொழிக் கட்டத்தில் கன்னடம்

எங்கள் பங்குப் பள்ளியின் வரலாற்றை ஆண்டுவிழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பங்குத்தந்தை கேட்டபோது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்பு வரை அங்கே படித்தவன் நான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை.

பூசை முடிந்ததும், தலைமையாசிரியையான சிஸ்டர் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மேசையில் வைத்தார். முதலாவது முழுக்கக் கன்னடம். எனக்குப் படிக்க வராது. அடுத்ததில் தெலுங்கும் கலந்திருந்தது. தமிழ் மூன்றாவதில்தான் வந்தது. தமிழ்ப் பள்ளியாகவே தொடங்கியது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த மூன்றாவதில் என் வருடத்துப் பக்கத்தைத் தேடினேன். என் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் சரி. தாய்மொழி என்ற கட்டத்தில் மட்டும் 'கன்னடம்' என்று இருந்தது.

"இது நான்தானா, சிஸ்டர்?"

"உங்க அப்பா பேருதான போட்டிருக்கு?" என்றார்.

அப்பா காவேரிப்பட்டினத்திலிருந்து வேலைக்காக வந்தவர். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சில்லை. அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டதால், அதே பள்ளியில் எனக்கு முன்னால் படித்த அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"தமிழ் கிளாஸ்ல எடமில்லன்னுட்டாங்க. வீட்ல கன்னடந்தான் பேசறோம்னு சொல்லி அம்மா உன்னக் கன்னட கிளாஸ்ல சேத்துடுச்சு," என்றாள். "பாதி வருசம் அங்கதான் உக்காந்திருந்த."

"எனக்கு ஞாபகமே இல்லியே."

"எப்படி இருக்கும்? வாயே தொறக்க மாட்ட. பையன் ஊமையான்னு டீச்சரு அம்மாவக் கூப்புட்டுக் கேட்டாங்க. அப்பறந்தான் மாத்துனாங்க."

சிறுவயதில் நான் பேசாத பிள்ளை என்று வீட்டில் சொல்வார்கள். அது என் சுபாவம் என்றே இருந்துவிட்டேன். இப்போது யோசித்தால், சுபாவமா, மொழி புரியாததா என்று தெரியவில்லை.

எழுத உட்கார்ந்தால் குழப்பம் கூடியது. அம்மா இடத்துக்காகச் சொன்ன பொய் அப்படியே பதிவாகியிருக்கிறது. மற்ற வரிகளில் எத்தனை உண்மை? முதல் பதிவேடு கன்னடத்தில் இருப்பது பிள்ளைகள் கன்னடம் பேசியதாலா, எழுதிய ஆசிரியருக்கு அந்த மொழிதான் வந்ததாலா? நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதி, என் கட்டத்தின் கதையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

பங்குத்தந்தை நின்றபடியே படித்தார்.

"எந்த மொழியில ஆரம்பிச்சதுன்னு இதுல தெளிவா இல்லியே?"

"எனக்கும் தெளிவா இல்ல, ஃபாதர்."

பேனாவை எடுத்தார். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அச்சுக்கு அனுப்பிவிட்டார்.