இட்லிப் பூச்செடிக்கு மிலிட்டரி கிராப்

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் முதலில் முடிவெட்டியது வாசலில் நின்ற இட்லிப் பூச்செடிகளுக்குத்தான். முகாமில் வேலிச் செடிகளை வெட்டிப் பழகிய கை. ஞாயிறு தவறாமல் பெரிய கத்திரியோடு இறங்கிவிடுவார். நூல் பிடித்த மாதிரி, இடுப்பு உயரத்துக்கு மட்டமாக வெட்டுவார். தென்காசியில் எங்கள் தெருவே நின்று பார்த்துவிட்டுப் போகும்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இட்லிப் பூ கிளை நுனியில்தான் பூக்கும். வாரா வாரம் நுனியை வெட்டினால் பூ எங்கிருந்து வரும்? அவர் லீவில் மட்டும் வந்துபோன காலத்தில் அந்தச் செடிகள் சிவப்புக் கொத்தும் பட்டாம்பூச்சியுமாக நிற்கும். எனக்குப் பேச்சுத்துணை அதுகள்தான். இப்போது ஆள் வந்துவிட்டார், பூவையும் பட்டாம்பூச்சியையும் காணோம்.

அந்த ஆளும் தங்குவாரா என்பதுதான் என் பயம். சும்மா இருக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடை போடுவார். சென்னையில் செக்யூரிட்டி வேலைக்கு வரச்சொல்லி பழைய சிநேகிதர் ஒருவர் போன் போட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை தனியாக இருக்க எனக்குத் தெம்பில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

சாரல் தொடங்கியது. குற்றாலத்து மலை மேகத்துக்குள் போய்விட்டது. வெயிலும் தூறலும் சேர்ந்தே வந்தன. செடிகள் துளிர்விட்டதைப் பார்த்ததும் கத்திரியை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

“ஏட்டி, கத்திரிய எங்கன வச்ச?”

“எனக்கு என்ன தெரியும். நீங்கதான வச்சீங்க.”

கொஞ்ச நாள் தேடிவிட்டு விட்டுவிட்டார். சீசன் முடியப்போகும்போது செடிகள் தலை கலைந்து, கொத்துக் கொத்தாகச் சிவந்தன.

ஒரு காலையில் டீயோடு வாசற்படியில் உட்கார்ந்தார். காற்றில் தூறல் மிதந்துகொண்டிருந்தது. கறுப்பில் நீலம் போட்ட பெரிய பட்டாம்பூச்சி ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஒரு தேன்சிட்டு கொத்தில் தலைகீழாகத் தொங்கியது. அவர் கையிலிருந்த டீ ஆறிப்போனது. அந்தக் காலை எனக்கு இன்னமும் பாதித் தூக்கத்தில் பார்த்தது போலத்தான் இருக்கிறது.

“இதுக எப்பவும் இங்கன வருமா?” என்றார், மெதுவாக.

“நீங்க இல்லாதப்ப தினமும் வரும்.”

சொல்லிவிட்டுச் சட்னி அரைக்க உள்ளே போனேன். அப்போது போன் அடித்தது. சென்னைச் சிநேகிதர்தான். நான் அடுக்களையில் மிக்ஸியை நிறுத்திவிட்டு நின்றேன்.

“இப்ப வர முடியாதுப்பா. செடி பூத்துருக்கு. பூவெல்லாம் முடிஞ்ச பொறவுதான் வெட்டிவிடணும். அதுக்கப்புறம் பாக்கலாம்.”

இட்லிப் பூ ஒரு பக்கம் உதிர உதிர மறுபக்கம் மொட்டு விடும். வருஷம் முழுக்க அப்படித்தான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.