நின்றுபோன எலி

அம்மாவின் தம்பி பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தார். வன்னியிலிருந்து வந்த கையோடு இங்கிலீஷையும் பிடித்து, வேலை கிடைக்காத படிப்பாகப் பார்த்து ஒன்றையும் பிடித்துவிட்டான் என்று அப்பா சொல்லுவார்.

இந்தக் குளிர்நாட்டில், ரூஜ் என்ற இடத்தில், எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில்தான் மாமா இருந்தார். என் ஹாம்ஸ்டர் எலியின் கூண்டும் அங்கேதான். எனக்கு எட்டு வயது. ஒருநாள் கம்பியில் கால் சிக்கி அது கீச்சிட, நான் அழுதேன். மாமா புத்தகத்திலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "உதுக்கு நோகாது பிள்ளை. நானூறு வருசத்துக்கு முந்தியே ஒரு பிரெஞ்சுக்காரர் சொல்லிப்போட்டார். மிருகமெல்லாம் சுவர் மணிக்கூடு மாதிரித்தான். உள்ளுக்கை பல்லுச் சில்லு சுத்துது, சத்தம் வருது. அவ்வளவுதான்."

அப்படியென்றால் அது ஏன் என் விரலைத் தேடி வந்து நக்குகிறது? அதற்கும் ஒரு சில்லு இருக்காம். எனக்குத் தலை சுற்றியது.

அந்த மாசியில், வெளியே பனி உறைந்து கிடக்க, அம்மா பேஸ்மென்டுக் குசினியில் மீன் பொரித்தார். மணம் போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தவர் மூட மறந்துபோனார். காலையில் எலி விறைத்துக் கிடந்தது.

"ஐயோ, உயிர் போட்டுது" என்றார் அம்மா.

நான் அழவில்லை. மணிக்கூடு நின்றால் திருத்தலாம்தானே! மாமாவிடம் கொண்டோடினேன். "நிண்டுபோச்சு மாமா, ஓட வையுங்கோ."

மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. எலியை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஹீட்டரின் சூட்டுக்காற்று வரும் இடத்தில் குந்தினார். அன்று அவருக்குப் பரீட்சை. போகவில்லை. "எழும்படா, எழும்படா ராசா" என்று மணிக்கூட்டைக் கெஞ்சிக்கொண்டேயிருந்தார். மத்தியானம்போல் மீசை துடித்தது. பிறகு கண் விழித்து அவருடைய விரலைக் கடித்தது.

நான் துள்ளிக் குதித்தேன். "மாமா, உங்கட பிரெஞ்சுக்காரர் சொன்னது பிழை! குளிருறது, நோகிறது, பயப்படுறது எல்லாம் இதுக்குத் தெரியும், என்ன?"

"ஓம் பிள்ளை," என்றார் மாமா. "தெரியும்." சொல்லிவிட்டு விக்கி விக்கி அழத் தொடங்கினார்.

செத்தது பிழைத்ததற்கு யாராவது அழுவார்களா? மேலே ஓடி அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பை அணைத்தார். வன்னியில் குண்டுகள் விழ விழ, செல்லடிக்குள் வெளிக்கிட்டபோது மாமா தன் நாயை வீட்டு வளவில் கட்டியபடியே விட்டுவிட்டு வந்தவர் என்றும், அவிழ்த்துவிட நேரம் இருக்கவில்லை என்றும், தெருமுனை வரைக்கும் அது குளறியது கேட்டதென்றும் சொன்னார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் எலியைப் பற்றிக் கேட்டால் இவர் ஏன் நாயைப் பற்றிச் சொல்கிறார்?